உட்காரவா, பார்க்கவா?

ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிரோ குராமதாவின் 'மிஸ் பிளான்ச்' நாற்காலியை முதலில் படத்தில் பார்த்தபோது, இதில் யாராவது உட்காருவார்களா என்றுதான் தோன்றியது. 1988-இல் செய்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த அக்ரிலிக்குக்குள் சிவப்பு ரோஜாக்கள் அங்கங்கே மிதக்கின்றன, எல்லாம் செயற்கைப் பூ. கீழே அலுமினியக் கால்கள். உட்கார்ந்தால் பூக்களுக்கு நடுவே அந்தரத்தில் இருக்கிற மாதிரிதான், சொகுசு எப்படியோ!

எனக்கென்னவோ அவருடைய 1986 நாற்காலிதான் இன்னும் பிடிக்கும். 'ஹவ் ஹை தி மூன்' என்று பெயர். பஞ்சு இல்லை, துணி இல்லை, உள்ளே சட்டமும் இல்லை. வெறும் எஃகு வலையை வைத்தே பழைய குண்டு சோபாவின் உருவத்தைக் கொண்டுவந்துவிட்டார், பின்னால் இருக்கிற சுவர்கூட அதன் வழியே தெரியும். சரி, அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதுகில் வலைக்கோடு விழாதா என்று கேட்டால், விழலாம்தான். நான் எங்கே உட்காரப்போகிறேன், எதிரே பாயைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.