கொழிஞ்சாம்பாறையிலிருந்து 482 விசா வரை

"ஸ்பான்சருக்கு எட்டு லட்சம் ஆகும் தம்பி. பாதி இப்போ, பாதி விசா வந்ததும்" என்றார், ஆஸ்திரேலியாவுக்கு 482 விசாவில், அதாவது கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில், ஆள் அனுப்பும் ஏஜென்ட். எனக்கு வீடு கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை. வேலை கோயம்புத்தூரில், ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். காலையில் வேலந்தாவளம் தாண்டிப் போய் ராத்திரி திரும்புகிறவன். எட்டு லட்சம் என்றதும் அம்மா நிலத்து ஆவணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் லாரி மெக்கானிக்காக இருக்கும் மாமா பையன் போனிலேயே திட்டினான். "ஸ்பான்சர்னா கம்பெனி உனக்குச் செலவு பண்றதுடா. நீ எதுக்குக் கொடுக்கிறே?" 2015 டிசம்பர் முதல் அங்கே ஸ்பான்சர் செய்வதற்குக் காசு கேட்பதோ வாங்குவதோ சட்டப்படி குற்றம். கொடுத்தது தெரிந்தால் நம் விசாவும் போய்விடலாம். அப்புறம் அவனே தனக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்கு என் விவரத்தை அனுப்பினான். சுரங்கங்களுக்கு இரும்பு வேலை செய்து கொடுக்கும் இடம். வீடியோவில் இரண்டு முறை பேசினார்கள். வேலை உறுதியானது.

இதற்குப் பிறகு மூன்று படி. முதலில் ஸ்பான்சராக இருக்கக் கம்பெனிக்கு அனுமதி வேண்டும். அடுத்தது நாமினேஷன், இந்த வேலைக்கு இந்த ஆள் என்று கம்பெனி விண்ணப்பிப்பது. கடைசியில்தான் நம் விசா. நாமினேஷனுக்கு முன் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட 28 நாளாவது விளம்பரம் போட்டிருக்க வேண்டும். சம்பளமும் அங்கத்திய ஆளுக்குக் கொடுப்பதைவிடக் குறையக் கூடாது. 2025 மார்ச்சில் என் நாமினேஷன் போனபோது வருடத்துக்கு 73,150 டாலருக்குக் கீழே இறங்க முடியாது. அது போக, பயிற்சி நிதி என்று ஒரு வரி. என் கம்பெனிக்கு வருடத்துக்கு 1,800 வீதம் நாலு வருடத்துக்கு 7,200 டாலர். அதை நம் தலையில் கட்டவே கூடாது. விசாக் கட்டணம் 3,000 டாலருக்கு மேல். அதைத் தொழிலாளி கட்டலாம், நான் கட்டினேன். நிலத்து ஆவணம் பெட்டிக்குத் திரும்பியது.

ஆனால் வெல்டிங் தெரியும் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டில் வெல்டராகப் போகிறவர்கள் திறன் மதிப்பீட்டில் தேற வேண்டும். வேலை செய்ததற்கும், அதற்குச் சம்பளம் வாங்கியதற்கும் தாள் கேட்கிறார்கள். முதல் மூன்று வருடம் கணபதி பக்கம் ஒரு பட்டறையில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கவரில் கூலி, அவ்வளவுதான். அந்த முதலாளியைத் தேடிப் போனால், மனிதர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பற்று நோட்டை எடுத்தார். என் பெயருக்கு நேரே "தீபாவளி அட்வான்ஸ் 1,500" என்று எழுதி, கழித்ததும் எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். விண்ணப்பத்துக்கு அது உதவவில்லை. பி.எஃப்., பேங்க் கணக்கு இருந்த அடுத்த ஆறு வருடம்தான் என்னைக் காப்பாற்றியது.

திறன் மதிப்பீட்டின் டெக்னிக்கல் இன்டர்வியூவில், ஸ்டெயின்லெஸ் பைப்பை வெல்ட் செய்யும்போது உள்ளே ஏன் ஆர்கான் வாயு விடுகிறாய் என்று மதிப்பீட்டாளர் கேட்டார். விடாவிட்டால் ரூட், அதாவது வெல்டின் அடிப்பகுதி, உள்பக்கம் பொரிந்து கறுத்துப்போகும், வேலை ரிஜெக்ட் ஆகும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தலையாட்டினார். ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் நாலு பிரிவிலும் 5 வேண்டும். ரைட்டிங்கில் சரியாக 5, ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அப்பா பெயரில் மாட்டிக்கொண்டேன். அவர் பெயர் தங்கவேல். கேரளத்தில் 'ங்க'வை இங்கிலீஷில் எழுதும்போது 'கே' போடுவார்கள், தமிழ்நாட்டில் 'ஜி'. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் 'கே'. கோயம்புத்தூர் கம்பெனிக் கடிதத்திலும் பி.எஃப்.பிலும் 'ஜி'. எல்லையைத் தாண்டினால் அப்பா வேறு ஆள்! கேரள அரசுச் சேவைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் அக்ஷயா சென்டரில் விண்ணப்பித்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சர்ட்டிபிகேட் வாங்க வில்லேஜ் ஆபீஸ் போனோம். ஆபீசர் தாளைப் பார்த்துவிட்டு, "ரண்டும் ஒராள் தன்னெயல்லே?" என்றார். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நானேதானுங்க" என்றார்.

விசா வந்தது, நாலு வருடத்துக்கு. இந்தக் கம்பெனியை விட்டால் ஒரே மூச்சில் 180 நாள் வரை இருந்து வேறு ஸ்பான்சர் தேடலாம். 2024 ஜூலைக்கு முன்னால் அது 60 நாள்தானாம்.

வந்த முதல் வாரம் சம்பளச் சீட்டு மெயிலில் வந்தது. எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பார்த்தேன். தங்கவேலுக்கு 'ஜி' போட்டிருந்தார்கள். வெல்டிங் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நேரே ஆபீசுக்கு நடந்தேன்.