அஞ்சுக்கு எதிர் ஏது

எங்கள் வீட்டு ஹாலில் இப்போது நாலு ஜாகுவார் சக்கரங்கள் இருக்கின்றன. ஜாகுவார் கார் கிடையாது, அதை வாங்குகிற யோசனையும் இந்த ஜென்மத்தில் கிடையாது. டிவி பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதில் ஒரு முறை கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அம்மா மட்டும் பரவாயில்லை, ஒன்றின் மேல் துளசித் தொட்டியை வைத்து உயரம் பார்த்துவிட்டார். "சரியா இருக்குடி, நாலு இருந்தா கறிவேப்பிலையும் வைக்கலாம்" என்கிறார்.

எல்லாம் வீல் கப்பில் ஆரம்பித்தது. நம்ம கிரெட்டா அடி மாடல், இரும்பு ரிம், மேலே பிளாஸ்டிக் கப். போன மழையில் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் ஒன்று மிதந்து போனது. இன்னொன்றை எதிர்வீட்டு ஸ்கூட்டி இடித்துவிட்டு இன்றுவரை இல்லை என்று சாதிக்கிறது. மூன்றாவது எங்கே போனதென்று தெரியாது, பிரிவுத்துயரில் போயிருக்கலாம். சரி, அலாய் வீலே போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தம்பி வீட்டில் இருக்கும்போது இப்படியெல்லாம் வாயைத் திறக்கக் கூடாதென்று எனக்கு நாற்பத்து நாலு வயதிலும் உறைக்கவில்லை.

"அக்கா, பதினெட்டு இஞ்ச் போடு, வண்டி அப்படியே நிக்கும்." இப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்றேன். டயர்? "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." அவன் கல்யாணத்தையும் இதே வாக்கியத்தால்தான் முடித்தான்.

இவர் போனைப் பார்த்துவிட்டு, "பி.சி.டி அஞ்சு இன்டு 114.3, நடு ஓட்டை 67.1னு போட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். இந்த பி.சி.டி என்பது போல்ட் ஓட்டைகள் எல்லாவற்றின் மையத்தையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம், முன்னால் இருக்கிற அஞ்சு போல்ட்டின் எண்ணிக்கை. அது பொருந்தாவிட்டால் சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியில் ஏறாது. அப்பா செய்தித்தாளை மடித்தார். "114.3? அது என்ன அளவு? எவனாவது வேணும்னே 114.3 வைப்பானா?" நாலரை இஞ்சைத்தான் மில்லிமீட்டரில் அப்படி எழுதுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இவரும் மாமனாரிடம் ஒரு முறைக்கு மேல் எதையும் சொல்கிற வழக்கமில்லாதவர். "நெட்ல போடறவன் நம்ம வண்டியைப் பார்த்தானா?" என்று எழுந்துபோய் அப்பா வெர்னியரை, மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கிற அந்த இடுக்கி அளவுகோலை, எடுத்து வந்தார்.

அந்த வெர்னியரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முப்பத்து நாலு வருஷ லேத் வேலையில் அவரிடம் மிச்சமிருப்பது அதுவும் இடது கைத் தழும்பும்தான். மஞ்சள் துணி சுற்றி பீரோவில், நகைக்கு மேல் தட்டில் இருக்கும். என் கல்யாண மோதிரத்தையே அதில் அளந்துவிட்டுத்தான் இவருக்குப் போட அனுமதித்தார். ஸ்டெப்னியை இறக்கி, தரையில் பேப்பர் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூன்று முறை அளந்தார். மையத்துக்கு மையம், எதிரெதிர் ஓட்டைக்கு.

"நூத்தியெட்டு. நூத்தியெட்டரைக்கு மேல கொஞ்சம் வருது, அது ஓட்டையோட தேய்மானம்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆஞ்சநேயருக்கு 108 வடை மாலை சாத்துவதாக இவ்வளவு நாள் தள்ளிப்போட்டு வந்தது அவருக்கு மட்டும் தெரிந்த பாக்கி. நங்கநல்லூரில் குடியிருந்துகொண்டு அந்தக் கடனை வைத்திருந்தால் எண் இப்படித்தான் வந்து நிற்கும் என்றார். ஆக விஞ்ஞானமும் ஆன்மிகமும் ஒத்துப்போய்விட்டன, இவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

மறுநாளே தம்பி புதுப்பேட்டையில் அலசி, அஞ்சு இன்டு 108 என்று அச்சு அசலாகப் பொறித்த நாலு சக்கரங்களைப் பிடித்துவிட்டான். ஜாகுவாரில் இருந்து கழற்றியதாம். பதினெட்டாயிரம், அதுவும் என் பதினெட்டாயிரம். விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அந்தக் கடைக்காரருக்கு இல்லை என்பதையும் வாங்கிய பிறகுதான் சொன்னான்.

மெக்கானிக் ஷெட்டில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, நட்டைக் கழற்றி, புதுச் சக்கரத்தை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். போல்ட் வரைக்கும் போகவே இல்லை. நம் வண்டியின் நடு மூக்கு 67.1, ஜாகுவாரின் நடு ஓட்டை 63.4. மூக்கே நுழையாத இடத்தில் போல்ட்டைப் பற்றி என்ன பேச்சு. மெக்கானிக் சக்கரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இவரிடம், "சார், இது வேற வண்டியோடது" என்றார். காருக்குப் பணம் கட்டுவது நான், ஓட்டுவது நான், ஆனாலும் இந்தச் செய்தி மட்டும் எப்போதும் சாருக்குத்தான் போகும்.

"லேத்துல குடுத்து நடுவைப் பெரிசாக்கிடலாம், போல்ட் ஓட்டையையும் மூணு மில்லி இழுத்துக்கலாம்" என்றான் அங்கிருந்த பையன். அப்பாவுக்கு வந்ததே கோபம். "மூணு மில்லியா? நட்டு உட்கார்ற சரிவு போயிடும்டா. எண்பதுல போகும்போது கழண்டா யார் ஓடிப் பிடிக்கறது?" மில்லியில் நூறில் ஒரு பங்குக்குச் சம்பளம் வாங்கிய மனிதர். அந்தப் பையன் இன்னும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறானா தெரியாது.

திரும்பி வரும்போது அப்பா எதுவும் பேசவில்லை. வெர்னியர் மடியில் இருந்தது. தம்பி பின்சீட்டில் ஜாகுவார் விலை தேடிக்கொண்டு வந்தான்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். கதவைத் தட்டி, "பாப்பா, தூங்கிட்டியா?" என்றார். கையில் போன மாசக் காலண்டர் தாள், என் பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸ். பின்பக்கம் பெரிய வட்டம், அதில் அஞ்சு புள்ளி. "நம்ம பழைய மாருதி 800க்கு நாலு போல்ட். ஒண்ணுக்கு நேர் எதிரே இன்னொண்ணு இருக்கும், அளந்தா அதான் விட்டம். அஞ்சுக்கு எதிர் ஏது? எதிர்ல இருக்கற மாதிரி தெரியும், இருக்காது. நான் அளந்தது ஒண்ணு விட்டு ஒண்ணு." ஓரமாகப் பெருக்கிக் காட்டியிருந்தார். அஞ்சு புள்ளி வட்டத்தில் ஒன்று விட்டு ஒன்றின் தூரம் விட்டத்தில் 0.951 பங்குதான், 114.3ஐ 0.951ஆல் பெருக்கினால் 108.7. "அளவு தப்பில்லை பாப்பா. அளந்த இடம் தப்பு. மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடு."

மாப்பிள்ளை பக்கத்தில்தான் படுத்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு, வாயோரம் துடிக்க.

இன்று மத்தியானம் நானே ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். பதினெட்டும் வேண்டாம், பதினேழும் வேண்டாம், இருக்கிற 205/65 டயரே ஏறுகிற மாதிரி பதினாறு. ஒரிஜினல் அளவுக்கு மேல் வெளியே துருத்தாதது. கடைப்பையன் ஒரு சில்வர் சக்கரத்தை எடுத்து வைத்தான். பின்பக்கம் 5x114.3 என்று இருந்தது. நடு ஓட்டை 73.1. எல்லா வண்டிக்கும் பொதுவாகப் பெரிதாக வைத்துவிடுவார்களாம், 67.1க்கு இறக்க உள்ளே ஒரு வளையம் தருவார்கள். அது இல்லாமல் மாட்டினால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. வளையத்தை மறக்காதே என்று அவனிடம் நாலு முறை சொன்னேன்.

பில் போடும் முன்பு அப்பாவுக்கு வீடியோ கால் செய்தேன். நான் சொல்லாமலே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அளக்கச் சொல்லு."

"ஐயா, இதுலயே 114.3ன்னு போட்டிருக்கு" என்றான் பையன்.

"போட்டிருக்கறது போட்டிருக்கட்டும். ஒண்ணு விட்டு ஒண்ணு ஓட்டை, மையத்துக்கு மையம், அள. நூத்தியெட்டு புள்ளி ஏழு வரணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கைப்பையில் இருந்து மஞ்சள் துணியைப் பிரித்து வெர்னியரை நீட்டினேன். காலையில் நான் கிளம்பும்போது யாரோ அதைச் செருப்புக்குப் பக்கத்தில், என் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தார்கள்.

அளந்தான். இன்னொரு முறை அளந்தான். "நூத்தியெட்டு புள்ளி ஏழு, மேடம்" என்றான், கொஞ்சம் பயந்த குரலில்.

"சரி, வாங்கு" என்றார் அப்பா. பின்னால் அம்மாவின் குரல், அந்த 0.7க்கு வடை எப்படிப் போடுவது என்று.