மூச்சு விடுதல்: தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு

காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் திரும்பினோம். வீடு ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. முதல் மாடித் திருப்பத்திலேயே அம்மா நின்றுவிட்டார். கூடையை என்னிடம் தந்து, கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "மூச்சு வுட முடியலடா" என்றார்.

ஒரு வருடமாக இதைத்தான் சொல்கிறார். வயசு 66, முட்டிவலி, அதனால்தான் என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். இன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைக்கிறது, காறை எலும்புக்கு மேலே குழி விழுகிறது. வீட்டுக்குள் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எண்ணினேன். நிமிடத்துக்கு 26. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 12 முதல் 20 வரைதான் இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

7 ஜனவரி, செவ்வாய்

"பீடி, சுருட்டு ஏதாவது உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த கேள்வி, "சமையல் எதுல?"

இப்போது கேஸ். அதற்கு முன் 25 வருடம் தெருமுனையில் இட்லிக்கடை, மரத்தூள் அடுப்பு. பார்த்திராதவர்களுக்காக எழுதுகிறேன். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அடியில் பக்கவாட்டு ஓட்டை வழியாக இன்னொரு பாட்டிலைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் குத்தி இறுக்க வேண்டும். பாட்டில்களை மெல்ல உருவினால் நடுவில் குழாய் போல ஒரு வழி நிற்கும். தீ அந்த வழியில் ஏறும். தூள் ஈரமாக இருந்தால் எரியாது, புகையும். அப்போது ஊதாங்குழல்தான் கதி. விடியற்காலை நாலு மணிக்குக் குனிந்து ஊத ஆரம்பிப்பார். நான் படித்தது அந்த இட்லிக் காசில்.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி, எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் சோதனை. மூக்கில் கிளிப், வாயில் குழாய். "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!" நெஞ்சு நிறைய இழுத்து முழு வேகத்தில் ஊதினால், முதல் விநாடியிலேயே பத்தில் ஏழு பங்குக்கு மேல் வெளியே வந்துவிட வேண்டும். அம்மாவுக்குப் பாதிதான் வந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். பெரிய மாற்றம் இல்லை. ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் நன்றாக ஏறியிருக்குமாம். இது சிஓபிடி, காற்று வெளியேறும் வழி அடைபட்டுப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்.

"காத்து உள்ள போயிடுது. வெளிய வரத்தான் மாட்டேங்குது. பழைய காத்து உள்ளயே நின்னா புதுசுக்கு எடம் ஏது?" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது அதுவே மனதில் ஓடியது. மூச்சு வுட முடியல. ஒரு வருடமாக அம்மா நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காற்று போதவில்லை என்று நினைத்து நான் ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

9 ஜனவரி, வியாழன்

கறிக்கடையில் சொல்லிவைத்து, மூச்சுக்குழாயோடு, கத்தி படாமல், ஆட்டு நுரையீரல் ஒன்று வாங்கி வந்தேன். ஏழாவது படிக்கும் மகளுக்கும் காட்டலாம் என்றுதான்.

குழாயில் வளையம் வளையமாகக் குருத்தெலும்பு. ஒவ்வொன்றும் லாடம் மாதிரி, பின்பக்கம் திறந்திருக்கிறது. நம் தொண்டைக்குக் கீழே விரல் வைத்தாலும் இதே மேடுபள்ளம் தெரியும். சைக்கிள் பம்ப் குழாயைச் செருகி அடித்தோம். கையளவு சுருங்கிக் கிடந்தது மெல்ல மெல்ல உப்பி, வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்தது. பம்பை எடுத்ததும், யாரும் அமுக்காமலே, புஸ்ஸென்று தானாக அடங்கியது. மகள் ஏழெட்டு முறை அடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. நுரை ஈரல் என்று பெயர் வைத்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

தானாக அடங்கியதே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. மூச்சை இழுப்பது வேலை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல வளைந்திருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும், விலா எலும்புகள் தூக்கும், நெஞ்சறை பெரிதாகும், காற்று தானே உள்ளே பாயும். சும்மா இருக்கும்போது விடுவதற்கு வேலையே கிடையாது. இழுபட்ட நுரையீரல் ரப்பர் மாதிரி பழைய நிலைக்குச் சுருங்கும், காற்று வெளியேறும்.

அந்த ரப்பர்தான் அம்மாவுக்கு விட்டுப்போனது. மூச்சுக்குழாய் இருபதுக்கும் மேற்பட்ட தடவை கிளை பிரிந்து, கோடிக்கணக்கான காற்றுப்பைகளில் முடிகிறது. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், எங்கள் வீட்டைப் போல இரண்டு வீட்டுத் தரை. ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் அந்த மெல்லிய சுவர்கள் வழியாகத்தான். வருடக்கணக்கில் புகை பட்டுச் சுவர்கள் இடிந்தால் பல சின்னப் பைகள் சேர்ந்து ஒரு தொளதொளத்த பையாகும். பரப்பும் போச்சு, இழுவிசையும் போச்சு. கடைசிக் கிளைகளில் குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள சுவர்கள் இழுத்துப் பிடிப்பதால்தான் அவை திறந்திருக்கின்றன. பிடி தளர்ந்தால், மூச்சு விடும்போது அவை மடிந்து அடைத்துக்கொள்ளும், காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் அம்மாவின் உதரவிதானம் தட்டு மாதிரி இருந்ததும் இதனால்தான். ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டது இன்னும் எங்கே இறங்கும்? அந்த வேலையைக் கழுத்துத் தசைகள் செய்கின்றன. படிக்கட்டில் நான் பார்த்தது அது.

10 ஜனவரி, வெள்ளி

இன்ஹேலர் பழகுகிறோம். ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் கூடு) ஒரு அழுத்து, மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை அடக்கு. "அது பழகிட்டா வுடாது" என்று கீழ்வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனார். அப்படி இல்லை. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும். இது போக வேண்டிய இடத்துக்கு நேராக, குறைந்த அளவில் போகிறது. நாளை அவரிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

போகி. நாலரைக்கே மேளச் சத்தம், அதோடு டயர் எரிக்கும் நாற்றம். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி வைத்து அடைத்தேன்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அமோனியா ஈரத்தில் சட்டென்று கரையும். அதனால் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் முதலில் எரியும். நுண்ணிய புகைத்தூசி அப்படி எச்சரிக்காது. பெரிய தூசியை மூக்கு முடி பிடிக்கும். அதைத் தாண்டினால் குழாய்ச் சளியில் ஒட்டும், நுண்ணிய மயிரிழைகள் அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டே வரும். 2.5 மைக்ரானுக்கும் சிறியது, அதாவது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாதது, காற்றுப்பை வரை போய்விடும். அங்கே மயிரிழை கிடையாது. விழுங்கும் செல்கள் சில உண்டு, 25 வருடப் புகைக்கு அவை என்ன செய்யும்.

மதியம் வரை அம்மாவின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 92 சதவீதம். டயர் மட்டும் எரிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு

நேற்று பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி சொல்லித்தந்தார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து விட வேண்டும். குவித்த உதட்டால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கும், சின்னக் குழாய்கள் மடியாமல் திறந்திருக்கும்.

"இது ஊதாங்குழல் ஊதுற மாரிதான?" என்றார் அம்மா.

"அதேதாம்மா. ஆனா தம் கட்டி ஊதக் கூடாது, தானா போவ விடணும்."

வேகமாக மூச்சிளைப்பதால் ஏன் பயனில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. சாதாரண மூச்சு ஒன்று அரை லிட்டர். அதில் 150 மில்லி குழாய்களிலேயே தங்கிவிடும், காற்றுப்பையைத் தொடாது. மேலோட்டமாகக் கால் லிட்டர் இழுத்தாலும் அந்த 150 கழியத்தான் செய்யும். மிச்சம் 100.

26 ஜனவரி, ஞாயிறு

மறுபடி காசிமேடு, மறுபடி படிக்கட்டு. நின்று இழுப்பது, விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறுவது. கூடை என்னிடம். இரண்டாவது மாடியில் ஒரே ஒரு தடவை நின்றார். உதடு குவிந்தே இருந்தது, இட்லிக்கடையில் பார்த்த அதே முகம்.

வீட்டுக்குள் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். 19-ல் அம்மா கையை நீட்டினார்.

"எண்ணிக்கினே இருப்பியா? நெத்திலிய எடு, ஆயணும்."