தன்னையே நிறுத்திக்கொள்ளும் பெட்டி

சுவிட்சைப் போட்டேன். மூடி மெல்லத் திறந்தது. உள்ளிருந்து ஒரு மரவிரல் நீண்டு வந்து, அதே சுவிட்சை அணைத்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தப் பெட்டிக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மூன்று வாரமாக இரவுகளில் உட்கார்ந்து செய்தது. இன்றுதான் முதன்முறையாக ஓடியது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

உள்ளே சிப் கிடையாது, ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. சின்ன மோட்டார், பேட்டரி, இரண்டு சுவிட்ச். விரல் வெளிச் சுவிட்சைத் தள்ளியதும் மின்னோட்டம் திசை மாறும், மோட்டார் பின்னோக்கிச் சுற்றும். விரல் உள்ளே வந்து இரண்டாவது சுவிட்சில் முட்டியதும் எல்லாம் நின்றுவிடும்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, பின்னாளில் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியான மார்வின் மின்ஸ்கிக்குத் தோன்றிய யோசனை இது. அதைச் செய்து மேசைமேல் வைத்துக்கொண்டவர் கிளாட் ஷானன். ஆமாம், ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளக்க வழிசொன்ன தகவல் கோட்பாட்டை 1948இல் தந்த அதே ஷானன். புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கும் இயந்திர எலியைச் செய்தவரும் அவர்தான்.

புதிதாக ஒரு கருவி வந்தால் "இதனால் என்ன பயன்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஷானனின் மேசையில் அந்தக் கேள்விக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மாலையில் அக்கா மகளிடம் பெட்டியைக் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தாள். அப்புறம் விரலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்.

"இதுக்கு என்மேல கோபமா மாமா?"

திறந்து காட்டட்டுமா என்றேன். ஸ்க்ரூடிரைவரை அவளே எடுத்து வந்தாள்.