தெக்குக் காட்டுப் படலைச் சாத்தியாச்சு

போன வாரம் ரெண்டு உழவு மழை, அதாவது உழுவதற்குப் போதுமான ஈரம் தரும் மழை, பெய்தது. மறுநாளே ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்ட தெக்குக் கொரங்காட்டின் வாசல் படலைச் சாத்திவிட்டேன். கொழுக்கட்டைப்புல் துளிர்க்கும் நேரத்தில் ஆட்டை விட்டால் தூரோடு கரண்டிவிடும். அது வளர்ந்து விதை உதிர்க்கும்வரை உருப்படிகள் எல்லாம் வடக்குக் காட்டில்தான்.

வெள்ளகோவில் பக்கம் எங்கள் மேய்ச்சல் காடு 12 ஏக்கர். நாலு நாலு ஏக்கராக மூன்று துண்டு, சுற்றிலும் கிளுவை வேலி. மாமனாரின் அப்பா கிளையைப் போத்தாக வெட்டி நட்டது. அந்த முள்ளுக்குள் கீரி இருக்கிறது, காட்டுமுயல் இருக்கிறது, விடிந்தால் கௌதாரி கத்துகிறது. ஆடு மேயும்போது கூடவே கரிச்சான் குருவி வரும். காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைப் பிடிக்கத்தான்.

படலைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றியது. அப்படியே நின்று தரையைப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி நாலு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் பள்ளம், ஓரத்தில் பொடிக்கல். கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி. சுக்கான்கல் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

கொழுந்தனார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்: "நங்கை, இந்தக் காட்ட இப்படியே போட்டு வெச்சு என்னங்க வருது? சோலாருக்குக் குத்தகைக்கு உட்டுட்டுச் சும்மா இருங்க." அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கணக்கு என்னிடம் இருக்கிறது. உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, பாசனம் இல்லை. கோடையில் புல் காய்ந்தாலும் காட்டிலுள்ள வெள்வேல் மரத்தின் காய் உதிரும். செம்மறி அதைப் பொறுக்கித் தின்றே தேறிவிடும். காங்கேயம் மாடு கறப்பது சொற்பம், அதை ஒத்துக்கொள்கிறேன். வருமானம் கிடாயில், கன்றில், தென்னந்தோப்புக்காரர்கள் வாங்கும் எருவில் வருகிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காளைக்கன்று கேட்டு வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். செவலையாய்ப் பிறந்த எங்கள் கன்று இப்போதுதான் சாம்பல் பூக்கிறது, அதற்குள் ரெண்டு பேர் விலை கேட்டாயிற்று.

ஒருமுறை ஆசைப்பட்டோம். நடுக்காட்டை உழுது மக்காச்சோளம் போட்டோம். தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் ஆயிரம் அடி ஓட்டியும் புகைதான் பறந்தது. சோளம் கருகியது, கடன் நின்றது. அதைவிட எனக்கு வலித்தது, உழுத இடத்தில் புல் திரும்பாததுதான். எருவில் விதையைக் கலந்து வருசா வருசம் தூவினேன். நாலாவது ஐப்பசியில்தான் காடு பழையபடி மூடியது. கௌதாரி திரும்பி வந்தது அதற்கும் பின்னால்.

ஆள்காட்டி கிட்டத்தட்ட ஒரு மாசம் அடைகாக்கும். அதுவரை படல் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்தால் அந்தப் பள்ளத்தைக் காட்டப்போகிறேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே.