டிக்சனுக்குப் போகாத காலைகள்

அந்தமானில் கடிகாரம் ஓடுவது இந்திய நேரத்தில், சூரியன் ஓடுவது பர்மா நேரத்தில். மார்ச் மாதத்தில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும், சாயங்காலம் ஆறு மணிக்கு இருட்டு. அதனால், சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் இறங்குகிறவர்களை ஏற்றிப்போகும் டைவ் படகுகள் விடிந்த கையோடு கிளம்பிவிடும். கைடாக வேலை பார்ப்பவன் நாலரைக்கு எழுந்து சிலிண்டர்களின் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஹேவ்லாக் தீவில் ஐந்து சீசன் அந்த வேலை பார்த்தேன். 2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. எங்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

அங்கே வருகிறவர்கள் கேட்கும் முதல் பெயர் டிக்சன்ஸ் பினக்கிள், அடுத்தது ஜானிஸ் கார்ஜ். இரண்டும் கரென் டைவர்களின் பெயர்கள். 1925இல் பர்மாவிலிருந்து நடு அந்தமானுக்குக் குடியேறிய சமூகம் அது. டிக்சன் என்பது கடலுக்கடியில் நிற்கும் மூன்று பாறைக் குன்றுகள். உச்சியே சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அடிவாரம் முப்பதைத் தாண்டும். ஊதா நிறத்தில் மென்பவளம் அப்பிக் கிடக்கும். கரையோரத்துப் பவளம் 2010 வெப்பத்தில் வெளுத்து நிறைய செத்துப்போனதால், ஆழத்துக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆசைப்படுவதைத் தப்பு சொல்ல முடியாது.

டைவ் பிளான் என்றதும் வரைபடம், திசைகாட்டி என்று நினைப்பார்கள். எனக்கு அது முதலில் பஞ்சாங்கம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளுக்குக் கடலின் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும், அந்தத் தண்ணீர் முழுக்கக் குன்றுகளைச் சுற்றித்தான் ஓடியாக வேண்டும். அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்பாள் அம்மா. டிக்சனுக்குப் போக அவற்றைவிட நல்ல நாள் கிடையாது. தண்ணீர் சோம்பிக் கிடக்கும்.

பஞ்சாங்கத்துக்கு அடுத்தபடி எங்கள் படகோட்டி அண்ணன். பூர்வீகம் கடலூர்ப் பக்கம். நீரோட்டத்தை ‘நீவாடு’ என்றுதான் சொல்வார். இடத்துக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, அங்கே கயிற்றில் கட்டியிருக்கும் மிதவையைப் பார்ப்பார். அது நிமிர்ந்து நின்றால் தலையாட்டுவார். சாய்ந்து, பின்னால் நுரைக்கோடு இழுத்துக்கொண்டிருந்தால் எதுவும் பேசாமல் பீடியைப் பற்றவைப்பார். அந்தப் பீடியின் அர்த்தம் விளங்க எனக்கு ஒரு சீசன் ஆனது.

இரண்டாவது சீசனில், பௌர்ணமிக்கு மறுநாள். விருந்தினர்கள் மூன்று பேர், நான் நான்காவது ஆள். ஒரு தம்பதி, நன்றாகப் பழகியவர்கள். இன்னொருவர் கோயம்புத்தூர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். முப்பது மீட்டர் வரை போகலாம் என்கிற அட்வான்ஸ்டு அட்டை வைத்திருந்தார். கடைசியாகத் தண்ணீருக்குள் போய் மூன்று வருடம். “தம்பி, இதுக்குன்னே வந்திருக்கேன்” என்றார். கஸ்டமர் கேட்டால் கொடுத்துவிடு என்பது எங்கள் டைவ் கடையில் எழுதப்படாத சட்டம். நானும் சரி என்றேன்.

முதல் நாள் ராத்திரி போட்ட கணக்கு இது. சிலிண்டர் 11 லிட்டர், அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், மேலே இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் 28 மீட்டரில் 3.8 மடங்கு. கரையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கிறவர் அங்கே 57 லிட்டர் இழுப்பார், 25 இழுக்கிறவர் 95. நூறு பாரில் திரும்ப வேண்டுமென்றால் முதல் ஆளுக்கு 19 நிமிடம் கிடைக்கும், இரண்டாமவருக்கு 12கூட முழுசாகக் கிடைக்காது. நான் என்ன செய்தேன்? தம்பதிக்குத் தாராளமாக இருக்கிறது, இவருக்குக் கொஞ்சம் குறைவு, எனவே 14 நிமிடம் என்று ஸ்லேட்டில் எழுதினேன். கல்யாணத்துக்கு அரிசி போடுகிற மாதிரி எல்லோரையும் சேர்த்து ஒரு உத்தேசம். அண்டாவில் கை வைத்துப் பக்கத்து இலைக்குப் பரிமாறலாம். ஒருவர் முதுகிலிருக்கும் காற்றை இன்னொருவர் கணக்கில் சேர்க்க முடியாது.

மிதவை சாய்ந்திருந்தது. அண்ணன் பீடி பற்றவைத்தார். நான் பார்க்காத மாதிரி மாஸ்க்கைக் கழுவினேன்.

மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்கும்போதே கொடிக்கம்பத்தில் துணி மாதிரி எங்கள் உடம்பு கிடைமட்டமாகப் பறந்தது. கயிற்றில் ஒட்டியிருந்த கொட்டலசு ஓடு உள்ளங்கையைக் கிழித்தது. குன்றின் மறைவுக்குள் நுழைந்ததும் தண்ணீர் அமைதியானது, தம்பதி சந்தோஷமாகப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூர்க்காரரின் குமிழிகளைப் பார்த்தேன். நிதானமாக மூச்சுவிடுகிறவரிடம் ஒரு கொத்து குமிழிக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். இவரிடம் ஒரே தொடராக மேலே போய்க்கொண்டிருந்தது, பாலைப் பொங்கவிட்ட மாதிரி. ஒன்பதாவது நிமிடம் அவருடைய பிரஷர் கேஜை நானே எடுத்துத் திருப்பினேன். முள் 90 பாரில் நின்றது.

டைவை முடித்தேன். கயிறு ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தது, அங்கே நீந்தினால் மிச்சக் காற்றும் போய்விடும். அவருடைய தோள்வாரைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் மெதுவாக ஏறினோம். ஐந்து மீட்டரில் மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்பிவிட்டு, மூன்று நிமிட நிறுத்தத்துக்கு என் சிலிண்டரிலிருந்து மூச்சிழுக்கும் உபரி ரெகுலேட்டரை அவர் வாயில் கொடுத்தேன். என் கையை அவர் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. மேலே வந்தபோது படகு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அண்ணன் எங்கள் குமிழிகளையே தொடர்ந்து வந்திருக்கிறார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தம்பதியின் முகம்தான் தொங்கிப்போனது. கோயம்புத்தூர்க்காரர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று வருடம் இடைவெளி விட்டவர் வேகமாகத்தான் மூச்சிழுப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். படகில் தண்ணீர் பாட்டிலை நீட்டிய அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார்: “நாளைக்கும் டிக்சன் இங்கனதான் தம்பி இருக்கும்.”

அதற்குப் பிறகு யாராக இருந்தாலும், எத்தனை அட்டை காட்டினாலும், முதல் டைவ் லைட்ஹவுஸ் என்கிற இடத்தில், பதினைந்து மீட்டருக்குள். ஆரம்பத்திலும் முடிவிலும் கேஜ் பார்த்துக் குறித்துக்கொள்வேன். மறுநாள் பிளான் அந்தக் குழுவில் அதிகமாக மூச்சிழுக்கிறவருக்காகப் போட்ட பிளான். கடையில் முணுமுணுப்பார்கள். ஒரு சீசனில் இரண்டு புக்கிங் இதனால் பக்கத்துக் கடைக்குப் போனது. முதலாளி சொல்லிக் காட்டினார், வாங்கிக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரரும் லைட்ஹவுஸில் நாலு டைவ் செய்தார். கடைசி டைவில் நாற்பத்தெட்டு நிமிடம். ஒரு கணவாய் மீன் நிறம் மாறுவதைப் பத்து நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைவிடத் தினசரித் தலைவலி விமானம். பல டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி வேலையைக் காட்டும். ஏதாவது ஆகிவிட்டால் சிகிச்சைக்குக் கப்பலேறி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குத்தான் போக வேண்டும். படிவத்தில் விமான நேரம் கேட்டிருப்போம். பாதிப் பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

“சார், ஃபிளைட் எப்போ?”

“அது நாளன்னைக்கு தம்பி. கடைசியா ஒரு டைவ் மட்டும்.”

“டிக்கெட்டைக் காட்டுங்க சார்.”

போனைத் தேடுவார். சட்டைப் பையில், பேன்ட் பையில், மனைவியின் கைப்பையில். அது அவர் கையிலேயேதான் இருக்கும்.