கொழுந்து கிள்ளுன கை

போன ஐப்பசி மழை நேரம் அம்மாவுக்கு பக்கவாதம் வந்துச்சு. காலைல தேயிலை தோட்டத்துல பெரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்குற எடத்துக்கு) போக எழும்புனவங்களுக்கு வலது கையை தூக்க ஏலல, வாயும் கோணிருச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வரும்போதே பிசியோ (உடற்பயிற்சி வைத்தியம்) கிளினிக்குக்கு துண்டு குடுத்தாங்க, நாங்கதான் மூணு வாரம் போகல. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பாக்க வந்தவங்க எல்லாரும் எண்ணெய் போட்டு நல்லா இழுத்து உருவி விடு சரியாயிரும்னாங்க, நானும் அதையே செஞ்சேன், இப்ப நெனச்சாலும் மனசு கேக்குதில்ல.

பிசியோ மிஸ் ஏசல, பொறுமையா வெளங்கப்படுத்தினாங்க. வாதம் வந்த தோள்ல தசைக்கு பிடிப்பு இல்ல, கையை இழுத்தா மூட்டு எறங்கிரும், கக்கத்துல கை குடுத்து ஆளை தூக்கவும் கூடாதாம். வாதத்தால மூளையில பாதிச்ச இடத்தோட வேலைய மத்த இடங்கள் பழகி எடுக்கும், ஆனா அதே அசைவை திரும்ப திரும்ப செஞ்சாதான், அதுவும் முதல் சில மாசம்தான் ரொம்ப முக்கியம்.

அம்மா என்ன வேலைன்னு கேட்டாங்க. கொழுந்துன்னு சொன்னதும், தேயிலை கொப்பை மேசையில வச்சு ரெண்டு எலை ஒரு மொட்டு கிள்ளச் சொல்லுங்கன்னாங்க. இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) உக்காந்து தெனமும் செஞ்சோம், முப்பது வருசம் கிள்ளுன கைக்கு ஒரு எலை வரலன்னு அம்மா முதல் நாள் அழுதுட்டாங்க. ஒன்றரை மாசத்துல மொத மொட்டு வந்துச்சு, நானும் அழுதேன்.

கிளினிக்ல காத்திருக்கும்போதுதான் பிசியோ எத்தனை பேருக்கு தேவைன்னு தெரிஞ்சிச்சு. மலை எறங்கையில முழங்கால் வலிக்குதுன்னு வந்த அக்காவுக்கு தொடை தசைய பலப்படுத்த காலை நீட்டி இறுக்கி புடிக்க சொல்லிக்குடுத்தாங்க. மூச்சு எளைக்கிற தாத்தாவுக்கு உதட்டை குவிச்சு மெதுவா ஊதுற பயிற்சி, சீனி வருத்தத்தோட தோள் இறுகிப்போன மாமாவுக்கு வேற, பொறந்ததுல இருந்தே கை கால் வெறைச்ச ஒரு புள்ளைக்கு வேற.

பயிற்சி எல்லாம் சிங்களத்துலதான் சொல்றாங்க, நான் கலண்டர் பின்பக்கம் தமிழ்ல எழுதி படம் போட்டு ஒட்டினேன், மொழி தெரியாத ஆள் தனியா வந்தா என்ன செய்வாங்க? பேராதனை பல்கலைக்கழகத்துல பிசியோ டிகிரி இருக்கு, ஏஎல் (உயர்தரம்) பயோ படிக்கிற தம்பி தங்கச்சிமார் தயவுசெஞ்சு யோசிங்க, நம்ம ஆளுங்களுக்கு நம்ம மொழியில சொல்ல ஆள் வேணும்.

நேத்து அம்மா ரெண்டு கையாலயும் ரொட்டி தட்டினாங்க. லயத்து படி ஏறத்தான் இன்னும் பயப்படுறாங்க, அடுத்த கிளினிக்ல அதைத்தான் கேக்கணும்.